மூன்று புள்ளி மௌனம்

“நாலு மணிக்குப் புது பிராம்ப்டர் வந்துடுவாரு. அதுவரைக்கும் நீங்க என்ன வேணும்னாலும் துப்பறிஞ்சுக்கங்க” என்றார் நாடகக் கம்பெனி முதலாளி. முப்பது வருடம் ராஜா வேஷம் கட்டியவர். ‘அவன் தலையைக் கொண்டு வா’ என்பதற்கும் ‘டீ கொண்டு வா’ என்பதற்கும் அவரிடம் ஒரே குரல்தான் இருந்தது.

மணி ஒன்று இருபது. நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அரங்கத்தில் ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் விசாரிக்கவில்லை.

அரங்கத்தின் பின் பாதி முழுவதும் நாற்காலிகளைத் தார்ப்பாயால் மூடி, சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாளாக நடக்கிற வேலையாம். மிச்சமிருந்த முன் வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். துப்பறிவாளரான என் அக்கா ஒருத்தி. பன்னிரண்டு வருடம் கல்லூரியில் இலக்கியம் நடத்திவிட்டு, மாணவர்கள் காப்பியடிப்பதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தவள். அவளுடைய உதவியாளர், டிரைவர், பை தூக்கி எல்லாமுமான நான் இன்னொருவன். மூன்றாவது ஆள், காலையில் போன் போட்டு எங்களை வரவழைத்த பிராம்ப்டர் அம்மாள்.

நடிகர் வசனத்தை மறந்துபோனால் மேடையின் பக்கவாட்டிலிருந்து மெல்ல எடுத்துக்கொடுப்பதுதான் பிராம்ப்டர் வேலை. சைடு விங்கில் ஒரு முக்காலி, மடியில் நாடகப் பிரதி, காதில் சொருகிய பென்சில். அந்த முக்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவரை, இன்று காலை முதலாளி கம்பெனி மொத்தத்தையும் மேடையில் நிற்கவைத்து, எல்லோர் முன்னாலும் ‘துரோகி’ என்று கத்திவிட்டார்.

“வேலை போனாலும் பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். பரவாயில்லாம இல்லை. எனக்கு வேற வேலை தெரியாது” என்றார் அந்த அம்மாள். “ஆனா நான் சொல்லாததைச் சொன்னேன்னு சொல்லிட்டாரு பாருங்க. அதுவும் அத்தனை பேர் முன்னாடி. எடுத்துக்கொடுக்கிறவ நான். காட்டிக்கொடுக்கிறவ இல்ல.”

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அழாமல் கோபப்படுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

விஷயம் இதுதான். நாளை மாலை ஒரு புது நாடகம் அரங்கேற வேண்டும். ஒரு பெண் சின்ன விடுதி நடத்துகிறாள். மாடி அறைக்குக் குடிவரும் கிழவர், இருபது வருடத்துக்கு முன் அவளை விட்டுவிட்டு ஓடிய அப்பா. முதல் காட்சியிலேயே இது ஜனங்களுக்குச் சொல்லப்பட்டுவிடும், மகளுக்குத் தெரியாது. தெரியாமலே, அப்பாவிடமே அப்பாவைத் திட்டித் தீர்ப்பாள். ஜனங்கள் இரண்டு மணி நேரம் ‘ஐயோ பாவம், இவளுக்குத் தெரியலையே’ என்று உச்சுக்கொட்ட வேண்டும். கடைசிக் காட்சியில்தான் வேட்டு. வந்த முதல் நாளே மகள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். தெரியாமல் உட்கார்ந்திருந்தது ஜனங்கள்தான்.

அந்த வேட்டை நேற்று மாலைப் பத்திரிகையின் துணுக்குப் பகுதி முன்கூட்டியே வெடித்துவிட்டது. ‘மகளுக்கு எல்லாம் தெரியும். யாரிடமும் சொல்லாதீர்கள்!’ என்று கொட்டை எழுத்தில்.

“கடைசிக் காட்சி தெரிஞ்சவங்க ரெண்டே பேர்” என்று முதலாளி இரண்டு விரலை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். “எனக்கே தெரியாது. அப்பா வேஷம் போடுறவன் நான். எனக்கே கிடையாது! எழுதினவர் ஒருத்தர். அதை நல்ல பிரதி எடுத்து கவர்ல போட்டு ஒட்டி, அலமாரில பூட்டி வச்ச இந்தம்மா ஒருத்தங்க. பெத்தவரே பிள்ளை கழுத்தை நெரிப்பாரா? மிச்சம் யாரு?”

பெற்றவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். நாடகாசிரியர். கம்பெனியில் அவருக்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர். எந்த நாடகத்தின் கடைசிக் காட்சியையும் அரங்கேறும் நாள் காலையில்தான் நடிகர்களுக்குக் கொடுப்பார், அதுவரை மனைவியிடம்கூட மூச்சு விடமாட்டார். போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தார்.

“தெரியாத ஆள் வேஷத்தை, தெரியாத ஆள்தான் போடணும் மேடம்” என்று முனகினார். “தெரிஞ்சுக்கிட்டு தெரியாத மாதிரி நடிச்சா, அது கண்ணுல தெரிஞ்சுடும். இப்ப எல்லாம் போச்சு. வர்றவன் தெரிஞ்சுக்கிட்டே வந்து கொட்டாவி விடப்போறான்.”

அக்கா அலமாரியைத் திறக்கச் சொன்னாள். கவர் இருந்தது. ஒட்டிய இடத்தின் மேல் பிராம்ப்டர் அம்மாளும் நாடகாசிரியரும் மையால் குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“ஆவி காட்டித் திறந்து, திரும்ப ஒட்டியிருக்கலாம்” என்றேன் நான், தொழில்முறைக் குரலில்.

“கேன்டீன்ல கெட்டில் இருக்கு. இதே மாதிரி ஒரு கவர்ல நீ கையெழுத்துப் போட்டு திறந்து காட்டு” என்றாள் அக்கா.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். கவர் திறந்திருந்தது. ஆனால் என் கையெழுத்து கரைந்து, மழையில் நின்ற கண்மை மாதிரி வழிந்திருந்தது. என் சுண்டுவிரலும் வெந்திருந்தது. அலமாரிக் கவரில் ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை. ஆக, யாரும் அதைத் திறக்கவில்லை.

“பார்த்தீங்களா! கவரைத் திறக்காம விஷயம் வெளியே போகணும்னா, உள்ள இருக்கிறதை ஏற்கெனவே தெரிஞ்சவங்கதான் சொல்லியிருக்கணும்” என்று முதலாளி தொடையைத் தட்டினார்.

நான் வெந்த விரலால் அந்த அம்மாளின் கழுத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டிருந்தேன். சங்கடமாக இருந்தது.

அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிராம்ப்டர் அம்மாளின் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சி நீங்கலாக முழு நாடகமும் அதில் இருந்தது. பக்கம் முழுக்கப் பென்சில் புள்ளிகள், ஓரத்தில் ஒத்திகை நாளின் எண்கள்.

“இந்தப் புள்ளியெல்லாம் என்னம்மா?”

“மௌனம் டீச்சர். மறந்துட்டு நிக்கறது வேற, நடிச்சுக்கிட்டு நிக்கறது வேற. நடிப்புக்காக நிறுத்தின இடத்துல நான் வசனத்தை எடுத்துக்கொடுத்துட்டா, என்னை உயிரோட புதைச்சுடுவாங்க. அதனால யார் எந்த வரியில எத்தனை எண்ணிக்கை நிறுத்துறாங்கன்னு தினமும் குறிச்சு வச்சுப்பேன். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி.”

“பதினாறு நாள் ஒத்திகைக்குமா?”

“பத்தொன்பது வருஷத்துக்கும்.”

அக்காவின் சிவப்புப் பேனா ஒரு வரியில் நின்றது. இரண்டாம் அங்கம். மழை நாளில் வெளியே கிளம்பும் கிழவரிடம் மகள் பேசும் வரி: ‘குடையை எடுத்துட்டுப் போங்க. எங்கப்பா இப்படி ஒரு மழை நாள்லதான் குடை வாங்கிட்டு வரேன்னு போனார். இன்னும் வரலை.’

“டேய், இதைப் படி.”

படித்தேன். முதல் ஏழு நாள் அந்த வரியில் ஒரு புள்ளியும் இல்லை. எட்டாம் நாள் ‘போனார்’ என்பதற்குப் பிறகு ஒரு புள்ளி. ஒன்பதாம் நாள் இரண்டு, பத்தாம் நாள் மூன்று. பதினொன்றாம் நாள் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டிலிருந்து நேற்று வரை திரும்பவும் மூன்று.

எனக்கு மூளை வேலை செய்தது. அபூர்வமாகத்தான் செய்யும் என்பதால் உடனே எழுந்து நின்றேன். “அக்கா! அப்பாவை அடையாளம் தெரியாத பொண்ணு இந்த வரியைப் போகிறபோக்குல சொல்லிட்டுப் போயிடும். மூணு எண்ணிக்கை நிறுத்தி, அந்த ஆளோட முகத்தைப் பார்த்துட்டு ‘இன்னும் வரலை’ன்னு சொன்னா, அது தெரிஞ்ச பொண்ணு. கதாநாயகிக்கு எட்டாம் நாளே முடிவு தெரிஞ்சுபோச்சு!”

கதாநாயகி ஒப்பனை அறையிலிருந்து பாதி முகத்துக்கு மட்டும் பவுடருடன் வந்தாள். நான் புள்ளிகளைக் காட்டி வளைத்து வளைத்துக் கேட்டேன்.

“நிறுத்தினது ஒரு குத்தமா?” என்று பொரிந்தாள். “நடிக்கலைன்னா மரக்கட்டைன்னு திட்டுறாங்க. நடிச்சா போலீஸ் கூப்பிடுறாங்க. நல்ல கம்பெனி!”

“நாங்க போலீஸ் இல்லைங்க.”

“அப்ப இன்னும் மோசம். நான் அந்தக் கவர் பக்கமே போனதில்லை. அந்த வரில அப்படி நிறுத்தத் தோணுச்சு, நிறுத்தினேன். அம்மா, நான் உங்க அலமாரியைத் தொட்டிருக்கேனா?”

“இல்லம்மா” என்றார் பிராம்ப்டர் அம்மாள். தன் கழுத்துக்கு நேரே கத்தி நிற்கும்போதும், பழியை அடுத்தவர் பக்கம் தள்ள அவருக்கு மனம் வரவில்லை. அக்கா அதைக் கவனித்தாள், நானும் கவனித்தேன். முதலாளி மட்டும் கடிகாரத்தைக் கவனித்தார். மணி இரண்டரை.

“பதினொன்றாம் நாள் மௌனம் ஏன் காணாமப் போச்சு? வாசல்ல இருக்கிற வருகை ஏட்டைப் பார்த்துட்டு வா. அன்னைக்கு யார் வரலை?” என்றாள் அக்கா.

போனேன். பார்த்தேன். நடிகர், தையல்காரர், விளக்கு போடுகிறவர் என்று பதினெட்டுப் பேரும் அன்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர்கூட லீவு இல்லை. என் ஒரே துப்பு தண்ணீரில் போட்ட பஞ்சுமிட்டாயாகப் போய்விட்டது.

கேன்டீனில் அக்கா எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். தோற்றுப்போகும்போதுதான் அவளுக்கு என் வயிறு ஞாபகம் வரும்.

“சொல்றது ஒண்ணு, அர்த்தம் வேறன்னு முரணா எழுதுறதுல ஒரு கஷ்டம் இருக்குடா” என்று ஆரம்பித்தாள். வகுப்பு தொடங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. “பழைய நாவல்காரங்களைப் பாரு. ஒரு கடைஞ்செடுத்த கஞ்சனைப் பத்தி, ‘அவர் கொடை வள்ளல், கேட்காமலே எல்லோருக்கும் அறிவுரையை அள்ளி வழங்குவார்’னு எழுதுவாங்க. எழுதும்போது முகத்துல ஒரு கோடு அசையாது. அசைஞ்சா போச்சு. எழுத்தாளனே சிரிச்சுட்டா, படிக்கிறவனுக்குச் சிரிக்க என்ன மிச்சம் இருக்கு?”

“நீ கேஸ் கொடுக்கிறவங்ககிட்ட ‘என் தம்பி ரொம்ப சுறுசுறுப்பு’ன்னு சொல்ற மாதிரியா?”

“அதேதான். என்னைக்காவது நான் சிரிச்சிருக்கேனா?”

“இல்ல. அதனாலதான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன்.”

“நாடகத்துல இன்னும் கஷ்டம். நாவல்காரர் வீட்டுக்குள்ள உட்கார்ந்து எழுதி அனுப்பிடுவாரு. அவர் மூஞ்சியை நாம பார்க்கப்போறது இல்லை. நாடகத்துலயோ…” அக்கா டீ டம்ளரைப் பாதி வழியில் நிறுத்தினாள். எண்ணிப் பார்த்திருந்தால் அதற்கும் மூன்று புள்ளி போட்டிருக்கலாம். “டேய். அந்த வருகை ஏட்டுல கையெழுத்தே போடாத ஆள் யாரு?”

பன்னை வாயில் வைத்துக்கொண்டே அவள் பின்னால் ஓடினேன்.

மூன்றேகால் மணிக்கு இரண்டாம் அங்கத்தின் மழைக் காட்சியை ஒருமுறை நடித்துக் காட்டச் சொன்னாள் அக்கா. முதலாளி, “எதுக்கு?” என்று உறுமினாலும் வேஷம் என்றால் அவருக்குக் கால் நிற்காது. கிழவராகக் கூன் போட்டு வந்து நின்றார். பிராம்ப்டர் அம்மாள், கடைசி முறை என்று நினைத்தாரோ என்னவோ, முக்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நாடகாசிரியர் முன் வரிசையில் வழக்கமான இடத்தில் இருந்தார்.

“நீ மேடையைப் பார்க்காத” என்று அக்கா என் காதைக் கடித்தாள். “இவரைப் பாரு.”

காட்சி ஓடியது. நான் வாய்ப்பூட்டின் முகத்தையே பார்த்தேன். முதலில் சாதாரண முகம்தான். பல்வலிக்காரர் முகம். குடை வந்தது. கன்னத்திலிருந்து கை இறங்கியது. ‘எங்கப்பா இப்படி ஒரு மழை நாள்லதான்’ என்றதும் இரண்டு புருவமும் மெல்ல ஏறின. ‘குடை வாங்கிட்டு வரேன்னு போனார்’ என்றதும் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாராம். கண் நேரே கதாநாயகியிடம் போய், தான் எழுதிய மகளையே பார்ப்பதுபோல் ‘எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும், இல்லையா கண்ணு?’ என்று பளபளத்தது. மேடையில் அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

“இன்னும் வரலை” என்றாள்.

எனக்கே புல்லரித்தது. முடிவு தெரியாத குழந்தைகூட அந்த முகத்தைப் பார்த்தால் கதையைச் சொல்லிவிடும்.

“நிறுத்துங்க” என்று அக்கா எழுந்தாள். “திருடன் கிடைச்சாச்சு. சார், நீங்கதான்.”

நாடகாசிரியர் பின்னால் யாரோ இருப்பது போலத் திரும்பிப் பார்த்தார். “நானா? நான் என் பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை மேடம்!”

“வாயால சொல்லலை சார். பூட்டு நல்லாத்தான் இருக்கு. சுவர்தான் இல்லை” என்றாள் அக்கா. “ஏம்மா, இவர் ஒத்திகையை எப்பவும் எங்கே இருந்து பார்ப்பாரு?”

“கடைசி வரிசைல இருந்து டீச்சர். இருட்டுல. அங்க இருந்து பார்த்தாத்தான் நாடகம்னு சொல்லுவாரு” என்ற பிராம்ப்டர் அம்மாள், சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டார். “பெயின்ட் வேலை ஆரம்பிச்சதும்தான் முன் வரிசைக்கு வந்தாரு. ஒன்பது நாள் ஆச்சு. எட்டாம் ஒத்திகை!”

“பதினொன்றாம் ஒத்திகை அன்னைக்கு?”

“பல்லைப் பிடுங்கப் போயிருந்தாரு. அய்யோ!”

நாடகாசிரியர் வீங்கிய கன்னத்தை மறுபடி பிடித்துக்கொண்டார். இந்த முறை வலி வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

கதாநாயகி மேடை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். “நிஜம்தான் மேடம். அந்த வரி வந்தா சார் முகத்துல ஒரு லட்டு உடையும். பொண்ணு ஒண்ணும் தெரியாதவள்னா இவர் ஏன் இப்படிப் பூரிக்கிறாருன்னு யோசிச்சேன். ரெண்டு நாள்ல புரிஞ்சுபோச்சு. வெறும் ஊகம்தானேன்னு யார்கிட்டயும்…” நிறுத்தினாள். “எங்க அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவ யார்கிட்டயும் சொல்லமாட்டா.”

“போன் போடுங்க. ஸ்பீக்கர்ல” என்றாள் என் அக்கா. அக்காக்களைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

“நானா? சத்தியமா யார்கிட்டயும் சொல்லலைடி!” என்றது போன். “சாப்பாடு போடும்போது இவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். இவர் என்ன, அடுத்த மனுஷரா?”

“அத்தானுக்கு எங்க வேலை?” என்று நான் குறுக்கிட்டேன்.

“பேப்பர் ஆபீஸ்ல. ஏன், யார் பேசுறது?”

கதாநாயகி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். “நேத்து பேப்பரைப் பார்த்துட்டு, என் ஊகம் சரியாப்போச்சேன்னு சந்தோஷப்பட்டேன் மேடம். இந்த அம்மாதான் சொல்லியிருப்பாங்கன்னு நானும் நெனச்சேன். அம்மா, என்னை அடிச்சுடுங்க.”

“போடி. பவுடரைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கா” என்றார் பிராம்ப்டர் அம்மாள். காலையிலிருந்து அடக்கி வைத்தது இப்போதுதான் கண்ணுக்கு வந்தது. நானும் ஏதோ கண்ணில் விழுந்த மாதிரி நடித்தேன்.

நாடகாசிரியர் தலையில் கைவைத்தார். “எல்லாம் சரி. நாளைக்கு வர்றவன் முடிவு தெரிஞ்சுக்கிட்டு வரப்போறான். என் நாடகம் செத்துப்போச்சே!”

“எங்கே சார் செத்துது?” என்று அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரதியை எடுத்தார். “பொண்ணுக்குத் தெரியும்னு இப்ப ஜனங்களுக்குத் தெரியும். தெரியாதது மாடியில இருக்கிற அப்பா ஒருத்தருக்குத்தான். தன்னை யாருக்கும் அடையாளம் தெரியலைன்னு நெனச்சுக்கிட்டு அவர் பெரிய மனுஷன் மாதிரி பேசுற ஒவ்வொரு வசனத்துக்கும் சிரிப்பு வரும். குடை வசனத்துல அந்தச் சிரிப்பு தொண்டையில நிக்கும். ஒரு வரி மாத்த வேண்டாம். நீங்க எழுதினதுதான். நீங்க நெனச்சது மட்டும்தான் வேற.”

நாடகாசிரியர் அந்தப் பக்கத்தை வாங்கி, தான் எழுதியதையே யாரோ எழுதியது போலப் படித்தார். பிறகு கவரைப் பிரித்துக் கதாநாயகி கையில் கொடுத்தார், ஒரு நாள் முன்பாகவே.

“பன்னிரண்டு வருஷம் நான் நடத்தின பாடம்” என்றாள் அக்கா என்னிடம், மெல்ல. “இவ்வளவு அழகா ஒருநாளும் நடத்தினதில்லை.”

பிறகு சத்தமாக, “முதலாளி சார், மாடியில ஒண்ணும் தெரியாம உறுமிக்கிட்டு இருக்கிற வேஷம் உங்களுக்கு நல்லா வருது. வந்ததுல இருந்து பார்க்கிறேன்” என்றாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

சரியாக நாலு மணிக்கு, கையில் பையுடன் புது பிராம்ப்டர் வந்து நின்றார். முதலாளி அவரைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். “உள்ள ஆபீஸ் ரூமுக்கு வாங்கம்மா. தனியாப் பேசிக்கலாம்” என்றார். அந்தக் குரல் அவருடையதுதானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

“தனியா எதுக்கு சார்? காலையில தனியாவா பேசினீங்க?” என்று அம்மாள் முக்காலியை விட்டு அசையவில்லை.

தையல்காரர், விளக்கு போடுகிறவர், பெயின்ட் பிரஷ்ஷுடன் இரண்டு பேர் என்று எல்லோரும் வந்து மேடைக்கு எதிரே நின்றார்கள். முப்பது வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் கர்ஜித்தவர் நடு மேடைக்கு வந்தார். கையைக் கட்டினார், அவிழ்த்தார்.

“இன்னைக்குக் காலையில… இந்த மேடையில நின்னு… நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தை… அது வந்து…”

தொண்டையைச் செருமினார். மேலே விளக்கைப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. நடிப்பு மௌனம் இல்லை இது. நிஜமாகவே மாட்டிக்கொண்டுவிட்டார். அந்த வரியை அவர் வாழ்நாளில் பேசியதில்லை போல.

சைடு விங்கிலிருந்து மெல்லிய குரல் வந்தது. “தப்பு.”

“தப்பு” என்றார் முதலாளி.

“என்னை மன்னிச்சிடுங்க.”

“என்னை மன்னிச்சிடுங்க” என்றார் முதலாளி, முக்காலி பக்கம் திரும்பி, கை கூப்பி.

அம்மாள் பிரதியை மூடவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை சார். பின் வரிசைக்குக் கேட்கலை.”